கைதியின் மனுவை யார் படிப்பது?

(சேலம் சிறைத் தியாகிகள் நினைவு நாளில் எடப்பாடியில் ஆற்றிய உரை)



சரபங்கா நதிக்கரையிலே அமைந்த இந்த நெசவாளர் ஊரில், தறிகளை நிறுத்திவிட்டு இத்தனை பேர் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். தறி நின்றால் கூலியும் நிற்கும் என்பதை அறியாதவன் அல்லன் நான். ஆகவே, அலங்கார வார்த்தைகளால் உங்கள் பொழுதைக் கழிக்க எண்ணமில்லை.

ஆண்டுதோறும் பிப்ரவரி 11 வருகிறது. கொடியைத் தாழ்த்துகிறோம், படத்துக்கு மாலை சூட்டுகிறோம், வீரவணக்கம் என்று முழங்குகிறோம், பிறகு ஒரு குவளைத் தேநீர் பருகிவிட்டுக் கலைந்துபோகிறோம். இந்த ஆண்டு ஒரு கேள்வியை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். சேலம் மத்தியச் சிறையிலே மாண்ட அந்த 22 தோழர்களும் அன்று கேட்டதுதான் என்ன? "புரட்சிக்காக மாண்டனர்" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடாதீர்கள். புரட்சியை அவர்கள் வெளியிலே கேட்டார்கள். அதற்காகத்தான் உள்ளே அடைக்கப்பட்டார்கள். உள்ளே சென்ற பின் கேட்டது எது?

1950 ஜனவரி 26ஆம் நாள் இந்திய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஊரெங்கும் தோரணம், பள்ளிகளிலே மிட்டாய். அதிலிருந்து பதினாறாம் நாள் பிப்ரவரி 11. அன்றைய சென்னை ராஜ்யத்தில் மலபாரும் ஒரு ஜில்லா. ஆகவேதான் கண்ணூர்ப் பக்கத்து விவசாயத் தோழர்கள் நம் சேலம் சிறைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். காவும்பாயி, கரிவெள்ளூர் விவசாயப் போராட்டங்கள் 1946இல் நடந்தவை. நெல்லைப் பதுக்கியவர்களை எதிர்த்தும், ஜன்மிகளின் கொடுமையை எதிர்த்தும் எழுந்தவர்கள் அவர்கள். தண்டனை பெற்றவர்களும் இருந்தார்கள். விசாரணையே இன்றித் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த மலபார் மக்களே. அவர்களோடு தமிழகத்தின் காவேரி முதலியாரும் ஆறுமுகமும், ஆந்திரத்தின் ஷேக் தாவூதும் வீழ்ந்தனர். காவும்பாயியைச் சேர்ந்த தளியன் ராமன் நம்பியாரும் அவர் மகனும் அதே சிறையில் இருந்தார்கள். தந்தை மாண்டார். மகன் குண்டுக் காயத்தோடு பிழைத்து, நெடுங்காலம் வாழ்ந்து, தாம் கண்டதைத் தலைமுறைகளுக்குச் சொன்னார்.

அவர்கள் கேட்டது, தங்களை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்பது. குற்றவாளியின் குல்லாயைத் தலையிலே கவிழ்க்காதே, எண் வில்லையை மார்பிலே தொங்கவிடாதே என்பது. சிறையை உடைக்க வேண்டும் என்றோ, வாயிற்கதவைத் திறந்துவிட வேண்டும் என்றோ அவர்கள் கேட்கவில்லை. சர்க்கார் தரப்பு அதைச் சிறைக் கலகம் என்று பெயரிட்டது. கலகம் செய்தவன் கையிலே என்ன இருக்க முடியும், தோழர்களே? நான்கு புறமும் மதில். கதவுக்குக் கதவு பூட்டு. உண்ணும் தட்டையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் இடம் அது. துப்பாக்கி எந்தப் பக்கம் இருந்தது என்பதை மாண்டவர்களின் கணக்கே சொல்லும்.

அந்நாளில் நமது கட்சி சென்ற பாதையிலே தவறுகள் இருந்தன. 1948இல் கல்கத்தா மாநாட்டில் வகுத்த பாதையைக் கட்சியே பின்னர் விமர்சித்துக் கைவிட்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியிலே ஒருவன் கொண்ட அரசியல் சரியா, தவறா என்பதற்கும், உள்ளே அவன் மனிதனாக நடத்தப்பட வேண்டுமா என்பதற்கும் தொடர்பே கிடையாது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

குல்லாய் ஒரு குறையா?

சிறைக்குள்ளிருந்து வரும் முறையீடு எப்போதும் சிறியதாகத்தான் தோன்றும். களியிலே கல், போர்வை கிழிந்தது, தண்ணீர் நாறுகிறது, தலையிலே குல்லாய். வெளியே இருப்பவன் கேட்டுச் சிரிப்பான்: "ஜெயிலுக்குப் போனவனுக்குப் பட்டு மெத்தையா விரிப்பார்கள்?" இந்தச் சிரிப்பு அதிகாரிக்கு மட்டும் உரியதன்று. நம் டீக்கடைகளிலும் கேட்கிறது. நம் வீட்டுத் திண்ணைகளிலும் கேட்கிறது.

தென்னாப்பிரிக்காவிலே நெல்சன் மண்டேலா தண்டனைக் கைதியாகச் சென்றபோது ஆப்பிரிக்கர்களுக்கு அரைக்கால் சட்டை. இந்திய வம்சாவளியினருக்கு முழுக்கால் சட்டை. அவரோடு ராபன் தீவுக்குச் சென்ற அகமது கத்ராடாவுக்கு நீண்ட சட்டை கிடைத்தது, மண்டேலாவுக்குக் கிடைக்கவில்லை. உணவிலும் அப்படியே: ஒரு நிறத்தாருக்கு ரொட்டி, மற்றொரு நிறத்தாருக்கு ரொட்டி இல்லை. மண்டேலாவின் சிறை வாழ்வில் முதல் முறையீடுகளில் ஒன்று இந்தக் கால்சட்டை பற்றியது. ஒரு நாட்டின் விடுதலையைத் தோளிலே சுமந்தவர் முழங்காலுக்குக் கீழே ஒரு முழத் துணிக்காகவா வழக்காடினார் என்று வியக்கலாம். அந்த ஒரு முழத் துணியில்தான் ஆட்சி அவருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லியிருந்தது: "நீ வளர்ந்த மனிதன் அல்லன், பையன்" என்று. அதை அவர் படித்தார், பதில் எழுதினார்.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட வரலாறு குறைவில்லை. கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனாரைச் செக்கிழுக்க வைத்தனர். கப்பல் ஓட்டிய கைகள் மாட்டின் இடத்தில் பூட்டப்பட்டன. சுப்பிரமணிய சிவா நம் சேலம் சிறையிலும் இருந்தவர். 1912இல் வெளியே வந்தபோது உடலெங்கும் தொழுநோயோடு வந்தார். பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த பாப்பாரப்பட்டியிலேதான் 1925இல் கண்மூடினார். லாகூர்ச் சிறையிலே ஜதீன் தாஸ் 63 நாள் உண்ணாநோன்பிருந்து 1929 செப்டம்பர் 13 அன்று உயிர்துறந்தார். அவர் கேட்டது நல்ல உணவு, படிக்கப் பத்திரிகை, மனிதனுக்குரிய நடத்தை. வெள்ளையன் கொடுக்கவில்லை. வெள்ளையன் போனபின் 1950இல் குமாரசாமி ராஜா மந்திரிசபையின் காலத்திலே சேலத்தில் என்ன கொடுத்தார்கள் என்பதைச் சொல்லிவிட்டேன்.

முறையிடுவதே குற்றம்

தோழர்களே, சட்டப் புத்தகத்தைச் சற்றே புரட்டுவோம். சலிப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் சிறைகளின் அஸ்திவாரம் 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம். பாலகங்காதர திலகர் ராஜத்துரோக வழக்கிலே சிறை செல்வதற்கும் முந்திய சட்டம்! அதன் 46ஆம் பிரிவிலே கைதிக்குக் கொடுக்கக்கூடிய தண்டனைகள் வரிசையாக இருக்கின்றன. கைவிலங்கு, கால்விலங்கு, உணவைக் குறைத்தல், துணிக்குப் பதிலாகச் சாக்கு உடுத்தச் செய்தல், சவுக்கடி. இவற்றையெல்லாம் எந்தக் குற்றத்துக்குக் கொடுக்கலாம்? முந்திய 45ஆம் பிரிவைப் பாருங்கள். அங்கே சிறைக் குற்றங்கள் வரிசையாக உள்ளன. அவற்றுள் ஒன்று, அதிகாரிமீது வேண்டுமென்றே பொய்யான குற்றச்சாட்டுக் கூறுதல்!

பொய் சொல்வது தவறுதானே என்பீர்கள். சரி; பொய் என்று தீர்மானிப்பவர் யார்? சிறைக் கண்காணிப்பாளர். விசாரிப்பவர் அவர், தீர்ப்பளிப்பவர் அவர், தண்டிப்பவரும் அவரே. வார்டர் அடித்தான் என்று கைதி முறையிடுகிறான். அந்தத் தாள் வார்டரின் மேலதிகாரியிடம் போகிறது. மேலதிகாரி வார்டரைக் கேட்கிறார். வார்டர் இல்லை என்கிறார். முறையீடு பொய்யாகிவிட்டது, முறையிட்டவன் குற்றவாளியாகிவிட்டான். ஓநாயைப் பற்றிய ஆட்டின் புகாரை ஓநாயின் அண்ணனே விசாரித்த கதை.

சேலம் நிகழ்ச்சியின் இரத்தம் காய்வதற்குள், அதே பிப்ரவரி மாத இறுதியில், நாடாளுமன்றத்திலே தடுப்புக் காவல் சட்டம் வந்தது. 1947 டிசம்பரிலிருந்து சிறையிலிருந்த தோழர் ஏ.கே.கோபாலனுக்கு மார்ச் 1ஆம் நாள் அந்தப் புதிய சட்டத்தின்கீழ் உத்தரவு கொடுக்கப்பட்டது. அதே மார்ச் 1ஆம் தேதியிட்ட இன்னொரு உத்தரவால், பம்பாயிலிருந்து ரமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் நுழையக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. ஒரே நாள், இரண்டு உத்தரவு. உள்ளே இருப்பவன் வெளியே வரக்கூடாது; வெளியே எழுதுவது உள்ளே வரக்கூடாது!

அந்தத் தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவை நம் இளைஞர்கள் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகத் தன்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதைக் கைதி நீதிமன்றத்திலே வெளியிடக்கூடாது. வெளியிட்டால் அதுவே குற்றம். நீதிமன்றமும் அதைக் கேட்டறியக்கூடாது. அதாவது, வழக்குப் போடலாம், வழக்கு இன்னதென்று சொல்லக்கூடாது! வழக்கறிஞர் எம்.கே.நம்பியார் கோபாலனுக்காக உச்ச நீதிமன்றத்திலே வாதாடினார். 1950 மே 19 அன்று வந்த தீர்ப்பிலே, அந்த 14ஆம் பிரிவு செல்லாது என்று ஆறு நீதிபதிகளும் ஒருமித்துக் கூறினார்கள். ஆனால் சட்டத்தின் பெரும்பகுதி நின்றது. கோபாலனின் மனு தள்ளுபடியாயிற்று. உயிரையும் உரிமையையும் பறிக்க ஏதேனும் ஒரு சட்டம் இருந்தால் போதுமா, அந்தச் சட்டம் நியாயமானதாகவும் இருக்க வேண்டாமா என்ற கேள்வியில் நீதிபதி பசல் அலி மற்றவர்களோடு மாறுபட்டார். அவர் கண்ட வழிக்கு உச்ச நீதிமன்றம் வந்து சேர 28 ஆண்டுகள் பிடித்தன. 1978இல் மேனகா காந்தி வழக்கிலேதான் அது நடந்தது. பத்திரிகை வழக்கில் ஒரு வாரம் கழித்து, மே 26 அன்று, தாப்பர் வென்றார். மறு ஆண்டே அரசியல் சட்டத்தைத் திருத்திப் பேச்சுரிமைக்குக் கடிவாளத்தை இறுக்கினார்கள் என்பது தனிக் கதை. அதை வேறொரு கூட்டத்திலே பேசலாம்.

நெருக்கடிநிலைக் காலத்தில் இதே பாடத்தை மற்றவர்களும் கற்றார்கள். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. பிப்ரவரியிலே சென்னை மத்தியச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே அடித்து நொறுக்கப்பட்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த சிட்டிபாபு 1977 ஜனவரியிலே இறந்தார். பின்னர் நீதிபதி மு.மு.இஸ்மாயில் தலைமையில் விசாரணை நடந்தது. கைதிகள் அடிக்கப்பட்டது உண்மை என்று அந்த விசாரணை கண்டது. அவர்கள் நம் கட்சிக்காரர்கள் அல்லர். நம்மோடு மேடையிலே மோதியவர்களும் அவர்களுள் உண்டு. அதனால் அந்த அடி நமக்கு வலிக்காதா?

கடல் கடந்து இலங்கையையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1983 ஜூலையிலே கொழும்பு வெலிக்கடைச் சிறையில் 25ஆம் தேதி 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். தப்பிப் பிழைத்தவர்களுக்கு உயிரச்சம் இருந்ததை யாரும் அறியாமல் இல்லை. ஒரு நாள் இடைவெளி விட்டு 27ஆம் தேதி மேலும் 18 பேர் அதே சிறையிலே கொல்லப்பட்டார்கள். கைதி கதறினாலும் கேட்க ஆளில்லாத இடத்துக்குத்தான் சிறை என்று பெயர்.

ஒரு கடிதத்தின் கதை

இனி நான் சொல்லப்போவது கம்யூனிஸ்டுகளாகிய நமக்குச் சிறிது கசக்கும்.

இந்த நாட்டிலே கைதியின் முறையீட்டுக்கு நீதிமன்றத்தின் கதவைத் திறந்துவிட்டவர் யார்? அரசியல் தலைவர் அல்லர், தியாகியும் அல்லர். கொலை வழக்கிலே தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுத் தில்லி திகார் சிறையில் கிடந்த சுனில் பத்ரா என்பவர். தன்னைத் தனிக் கொட்டடியிலே பூட்டி வைத்ததை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில் 1978இல் தீர்ப்பு வந்தது. சிறைக்குள் சென்றதால் ஒருவன் அடிப்படை உரிமைகளைச் சிறை வாயிலிலே கழற்றி வைத்துவிட்டுச் செல்வதில்லை என்ற கொள்கை அதிலே நிலைபெற்றது. அதோடு முடியவில்லை. பக்கத்துக் கொட்டடிக் கைதி ஒருவரை, அவரைப் பார்க்க வந்த உறவினரிடமிருந்து பணம் பறிப்பதற்காக, வார்டர் ஒருவர் சொல்லத் தகாத வகையிலே சித்திரவதை செய்தார் என்று பத்ரா உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். முத்திரைத்தாள் இல்லை, வக்கீல் இல்லை, ஒரு வெறும் கடிதம். அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக ஏற்றது. 1979 டிசம்பரிலே தீர்ப்பு வந்தது. மாவட்ட நீதிபதியும் மாவட்ட மாஜிஸ்திரேட்டும் சிறைகளைப் பார்வையிட வேண்டும். குறைகளைப் போடப் பெட்டி வைக்க வேண்டும். அந்தப் பெட்டி அவர்கள் பொறுப்பில் இருக்க வேண்டும். தனிக் கொட்டடி போன்ற கடுந்தண்டனை நீதிபதியின் பார்வைக்கு உட்பட வேண்டும் என்றெல்லாம் அதிலே கட்டளையிடப்பட்டது.

அந்தத் தீர்ப்பை எழுதிய வி.ஆர்.கிருஷ்ணய்யர் யார் தெரியுமா? தலச்சேரியிலே கம்யூனிஸ்டுகளுக்காக வழக்காடியவர். அதற்காகவே 1948இல் ஒரு மாதம் சிறையிலே அடைக்கப்பட்டவர். 1957இல் தோழர் ஈ.எம்.எஸ். மந்திரிசபையிலே சிறைத் துறையையும் கவனித்தவர். கம்பிக்கு உள்ளே இருந்து பார்த்தார்; மந்திரி நாற்காலியிலிருந்து பார்த்தார்; கடைசியிலே நீதிபதியின் ஆசனத்திலிருந்து எழுதினார். சேலத்திலே மாண்டவர்களின் ஊர்க்காரர்களுக்கு வக்கீலாய் இருந்தவரின் பேனா அது.

எது கசக்கும் என்றேன்? 1950இல் நம் தோழர்கள் "எங்களைக் குற்றவாளிகளைப்போல் நடத்தாதே" என்றார்கள். அந்தக் காலத்துக்கு அது நியாயம். ஜதீன் தாஸும் அதையே கேட்டார். ஆனால் அந்த வாக்கியத்துக்குள்ளே இன்னொரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது: குற்றவாளியை அப்படி நடத்தினால் பரவாயில்லை என்பது. மாண்டவர்கள் அப்படி எண்ணினார்கள் என்று நான் சொல்லவில்லை. நாம் அப்படி எண்ணப் பழகிவிட்டோம் என்கிறேன். பத்ரா அந்த வேலியைத் தாண்டினார். பக்கத்துக் கொட்டடிக்காரன் கொலைகாரனா, திருடனா, கட்சிக்காரனா என்று பார்க்காமல் அவனுக்காக எழுதினார்.

வேலிகள் இன்னும் இருக்கின்றன. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சுகன்யா சாந்தா வழக்கிலே தீர்ப்பளித்தது. சிறைகளிலே சாதி பார்த்து வேலை கொடுக்கும் விதிகளும், சாதிவாரியாகப் பிரித்து அடைக்கும் பழக்கமும் செல்லா என்றது. பதிவேட்டிலே சாதியைக் குறிக்கும் பத்தியையும் நீக்கச் சொன்னது. ஒரு சாதிக்குச் சமையற்கட்டு, இன்னொரு சாதிக்குக் கக்கூஸ்! மனுதர்மத்தைச் சிறை விதிப் புத்தகத்துக்குள் ஒட்டி வைத்திருந்தார்கள். அரசியல் சட்டம் வந்து 74 ஆண்டுகள் கழித்தே அதைக் கிழிக்க முடிந்தது. புத்தகத்திலே கிழிந்தது, கொட்டடியிலும் கிழிந்ததா என்பதை உள்ளே இருப்பவனின் முறையீடுதான் நமக்குச் சொல்ல முடியும்.

2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளிலே இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று சொல்லாதவர்கள். நான்கிலே மூன்று பேர்! நூறு பேர் இருக்கவேண்டிய இடத்திலே 131 பேர். "குற்றவாளிக்கு உரிமையா?" என்று திண்ணையிலே கேட்கிறார்களே, அவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஆனால் கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். நான்காவது மனிதனையும் அடிக்கக்கூடாது.

2020 ஜூனிலே சாத்தான்குளத்திலே ஒரு தந்தையும் மகனும். காவல் நிலையத்திலே அடிபட்டு, மாஜிஸ்திரேட்டால் காவலுக்கு அனுப்பப்பட்டு, கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குச் சென்று, ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து எடுத்தது. காவல் நிலையத்திலிருந்து சிறைக்குப் போகும் வழியிலே எத்தனை கண்கள் அவர்களைப் பார்த்திருக்கும்! மாஜிஸ்திரேட் பார்த்தாரா? டாக்டர் பார்த்தாரா? சேலத்திலும் ஒரு தந்தையும் மகனும் என்று முதலிலே சொன்னேன். இடையிலே 70 ஆண்டுகள்.

நம் ஊர் மனு

இனி எடப்பாடிக்கு வருகிறேன். பெயர் சொல்லமாட்டேன், எந்தச் சிறை என்றும் சொல்லமாட்டேன், வழக்கு நடக்கிறது.

விசைத்தறித் தொழிலாளி ஒருவர். பட்டறையிலே நூல் திருடினார் என்று வழக்கு. ஜாமீன் எடுக்க ஆளில்லை, காவலிலே இருக்கிறார். சர்க்கரை வியாதி; காலிலே புண். அவர் மனைவி நம் கட்சி அலுவலகத்துக்கு வந்தார். "மனு பார்த்துவிட்டு வருகிறேன்" என்றார். சிறைக்குப் போய்க் கணவனையோ பிள்ளையையோ பார்ப்பதை நம் மக்கள் "மனு பார்ப்பது" என்றுதான் சொல்கிறார்கள். காணப் போவதற்கும் மனு, கதறுவதற்கும் மனு! கம்பி வலைக்கு அப்பால் நின்று கணவர் சொன்னாராம்: புண்ணுக்கு மருந்து வைக்க ஆளில்லை, வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வழிக்காவல் போலீஸ் இல்லை என்று சொல்லி நாளைத் தள்ளுகிறார்கள். எழுத்திலே கொடுத்தார், அந்தத் தாள் எந்தக் கைக்குப் போகக்கூடாதோ அந்தக் கைக்கே போயிற்று. "குறை ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

நம் கிளைக் கூட்டத்திலே இதை வைத்தோம். தோழர் ஒருவர் எழுந்தார்: "இது திருட்டு வழக்கு. கூலி உயர்வுப் போராட்டத்திலே உள்ளே போனவர் என்றால் சரி. இதற்குக் கட்சி போனால் ஊரிலே என்ன பேசுவார்கள்?" என்றார். தோழர்களே, அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அன்று நானும் வாய் திறக்கவில்லை. ஊர்ப் பேச்சு என்ற ஒன்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கடைசி வரிசையிலே அமர்ந்திருந்த முதிய பெண் தோழர் ஒருவர்தான் எழுந்தார். "திருடினாரா என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும். காலிலே புண் இருக்கிறதா என்பதைக் கண் இருக்கிறவன் சொல்லலாமே" என்றார். சுவரிலே சேலம் தியாகிகளின் பெயர்ப்பலகை தொங்குகிறது. அதன் கீழே அமர்ந்துகொண்டு நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எழுதினோம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒன்று. மாவட்ட நீதிபதிக்கு ஒன்று. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒன்று. காவலிலே உள்ள எவருக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது; அதற்கு வருமானச் சான்றுகூட வேண்டாம். நம்மில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்தது? எனக்குத் தெரியாது, ஆணைக்குழுவின் வக்கீல் சொல்லித்தான் அறிந்தேன். பதினோராம் நாள் அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. முன்பே போயிருந்தால் விரல்கள் பிழைத்திருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

அந்தத் தாய் என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மனு எழுதிப் போட்டதுக்காக உள்ளே அவரை ஏதாவது பண்ணிப்போடுவாங்களாங்கண்ணா?"

ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட விதிகளுக்கு மண்டேலாவின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். முறையீட்டைத் தணிக்கை செய்யாமல் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். முறையிட்டதற்காகப் பழிவாங்கக்கூடாது என்று அவற்றிலே இருக்கிறது. அதைச் சொல்லி அந்தத் தாயின் அச்சத்தைப் போக்க முடியுமா? எனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பைத்தான் சொன்னேன். இந்தக் கைதியைப் பார்க்க வாரந்தோறும் ஆள் வருகிறது, கேட்பாரற்ற ஆள் அல்லன் இவன் என்று சிறை வாயிலுக்குத் தெரிய வேண்டும். அன்று முதல் அவர் தனியாகப் போவதில்லை. ஒவ்வொரு வாரமும் தோழர்கள் துணைக்குப் போகிறார்கள். முதல் வாரம் போனவர், கிளைக் கூட்டத்திலே எதிர்த்துப் பேசிய அதே தோழர்தான். இப்போது முன்வரிசையிலே அமர்ந்திருக்கிறார். திரும்பி வந்து என்னிடம் அவர் சொன்னது: "உள்ளே நம் ஊர்க்காரர்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். மனு பார்க்க யாருமே வருவதில்லையாம்."

வருகிற செவ்வாய்க்கிழமை அடுத்த முறை. இரண்டு பேர் தேவை. அந்த மூன்று பேருக்கும் சேர்த்தென்றால் ஐந்து பேர் தேவை. அடையாள அட்டை கையிலே இருக்க வேண்டும். பழம், பிஸ்கட்டு எது அனுமதி, எது இல்லை என்பதை அந்தத் தோழர் சொல்வார். எடப்பாடிப் பேருந்து நிலையத்திலே காலை ஆறு மணிக்குக் கூட வேண்டும். வர முடிந்தவர்கள் மேடைக்கு இடப்புறம் உள்ள மேசையிலே பெயரைக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.